வேகமும் நம்பிக்கையும்

1998 இல் வெளிவந்த செலரோன் 300ஏ முறைவழியாக்கியை, 300 மெகாஹேர்ட்சுக்குப் பதிலாக 450 இல் இயக்கி மகிழ்ந்தோர் பலர். அவ்வாசை என்னையும் பற்றியது. 3.3 கிகாஹேர்ட்ஸ் மீடிறனுடைய என் கணினியை 4.5 இல் இயக்கினேன். அரைமணியில் நீலத்திரை தோன்றி இயக்கம் நின்றது.

வோல்ற்றளவைக் கூட்டுவதே எளிதில் தோன்றும் பரிகாரம். ஆயின், வெப்பம் ஏறத்தாழ அதன் வர்க்கத்துக்கேற்பப் பெருகும்: 10 வீதம் கூட்டின் 21 வீதம் ஏறும். எனவே வோல்ற்றளவைத் தொடாது, மீடிறனைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சோதனை நிரலை இரவு முழுவதும் இயக்கினேன். 4.2 இல் கணினி நிற்கவில்லை. ஆனால் கணக்கொன்று பிழைத்தது.

அதுவே என்னை அஞ்சச் செய்தது. நின்றுபோகும் கணினி தன் குறையைத் தானே அறிவிக்கிறது. நில்லாது பிழைவிடுவதோ என் ஆய்வேட்டை ஓசையின்றிச் சிதைத்துவிடக்கூடும். 4.0 இல் பிழையெதுவும் தோன்றவில்லை; அதனோடு அமைந்தேன். இழந்தது சிறிது வேகம். எழுதியது எழுதியவாறே இருக்கும் என்ற நம்பிக்கை எஞ்சியது.