காற்று இருந்தும் இருண்ட மாகாணம்

ஆஸ்திரேலியாவின் தெற்கே அடிலெய்டு என்ற அழகான நகரம் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் போனால் ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூர். கோதுமை வயல்களும் ஆட்டு மந்தைகளும் கண்ணுக்கு இதம். ஊருக்கு வடக்கே, மேட்டு நிலத்தில் 99 காற்றாலைகள் சுழல்கின்றன. ஹார்ன்ஸ்டேல் என்று பெயர். வாருங்கள், இவற்றின் அடியில் நின்று ஒரு கதை கேட்போம்.

2016-ம் வருஷம் செப்டம்பர் 28. மாலை மணி நாலேகால். தெற்கு ஆஸ்திரேலியாவில் பேய்க்காற்று. ராட்சச மின்கோபுரங்கள் சாய்ந்தன. மூன்று பெரிய மின்பாதைகள் பழுதாயின. இரண்டே நிமிஷத்தில் ஆறு முறை மின் அழுத்தம் சட்டென்று தாழ்ந்தது.

காற்றுக்கோ பஞ்சமில்லை. ஆனாலும் பல காற்றாலைகள் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன! ஏன் தெரியுமா? "இத்தனை முறைக்குமேல் அழுத்தம் தாழ்ந்தால் ஒதுங்கிவிடு" என்று அவற்றுக்குள் ஒரு கட்டளை இருந்தது. மின்சாரத்தை நிர்வகித்தவர்களுக்கே அது தெரியாது. ஏழு விநாடிக்குள் 456 மெகாவாட் மறைந்தது.

பல்லக்குத் தூக்குகிறவர்களில் ஒருவர் நழுவினால் பாரமெல்லாம் மற்றவர் தோளில்தானே? விக்டோரியா மாகாணத்திலிருந்து வரும் மின்பாதை அந்தப் பாரம் தாங்காமல் அறுபட்டது. சுமார் எட்டரை லட்சம் இணைப்புகள் ஒரே சமயத்தில் இருண்டன. வீடு திரும்பும் வேளையில் சாலை விளக்குகளும் அணைந்தால் என்ன பாடு! நள்ளிரவுக்குள் பெரும்பகுதிக்கு வெளிச்சம் வந்தது. வடக்கே பல ஊர்கள் இன்னும் காத்திருந்தன.

அந்த இருட்டு நல்ல பாடம் புகட்டியது. காற்றாலைகளின் கட்டளையைத் திருத்தினார்கள். 2021-ல் நான்கு பெரிய சுழல் இயந்திரங்கள் வந்தன. குயவர் கையை எடுத்த பிறகும் சக்கரம் சுற்றுகிறதல்லவா? அதுபோல இவற்றின் கனத்த சக்கரங்கள், அதிர்ச்சி வரும்போது மின்னோட்டம் தடுமாறாமல் பிடித்துக்கொள்கின்றன.

அதற்கு முன்பே, 2017 டிசம்பர் முதல் தேதி, இதோ இந்தக் காற்றாலைகளின் பக்கத்திலேயே பிரம்மாண்டமான பாட்டரி ஒன்று வேலை தொடங்கியது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் விக்டோரியாவில் ஒரு நிலக்கரி மின் இயந்திரம் நின்றது. கண் இமைக்கும் நேரத்தில் பாட்டரி தன் பங்கைக் கொடுத்தது. அகாலமான இரவு, வீடுகளில் எல்லோரும் தூக்கம்.

யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் நடப்பதுதானே நல்ல காவல்!