லைட்டைப் போட்டா ஜிபிஎஸ் அணைஞ்சிடுது

வேதாரண்யம் பக்கம் மோட்டார் கொட்டகை வச்சிருக்கிற விவசாயி எல்லாருமே பாதி எலக்ட்ரீசியன்தாங்க. வெயில் காலத்துல முல்லைத் தோட்டத்துக்குத் தண்ணி பாயும்போது மோட்டார் நின்னா, டவுன்ல இருந்து ஆள் வர்ற வரைக்கும் செடி காத்திருக்காது. அதனால என் சைக்கிள் பையில ஒரு மீட்டர், கட்டிங் பிளேயர், டிராக்டர் இண்டிகேட்டர் பல்புல ரெண்டு ஒயர் கட்டின டெஸ்ட் லாம்ப் எப்பவும் கிடக்கும். இது ஊருக்கும் தெரியும், கடற்கரைக்கும் தெரியும்.

போன மாசம் பக்கத்து மீனவ கிராமத்துத் தம்பி ஒருத்தர் வந்தார். "அண்ணே, ராத்திரி லைட்டைப் போட்டா ஜிபிஎஸ் அணைஞ்சிடுது. கடையில காட்டினேன், கருவி போயிடுச்சு, புதுசு வாங்குன்னுட்டாங்க" என்றார். குரலே இறங்கிப் போயிருந்தது. இப்பத்தான் வலைக்குக் கடன் வாங்கியிருக்கிறார்.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஃபைபர் படகுல ஜிபிஎஸ் வசதிக்காக வச்சிருக்கிறது இல்லை. 1974லயும் 1976லயும் போட்ட ஒப்பந்தங்களால நமக்கும் இலங்கைக்கும் நடுவுல கடல் எல்லை இருக்கு. ஆனா தண்ணி மேல கோடு யாரும் கிழிச்சு வைக்கலை. அந்தச் சின்னத் திரையிலதான் கோடு தெரியும். அது அணைஞ்சா, நீரோட்டம் எங்கே இழுத்துட்டுப் போகுதுன்னே தெரியாது. லைட் இல்லாம இருந்தா இன்னொரு ஆபத்து, இருட்டுல வர்ற விசைப்படகுக்கு இந்தப் படகு கண்ணுக்கே தெரியாது. ஆக ரெண்டுல எதை அணைக்கிறதுன்னு தினமும் ராத்திரி யோசிக்க வேண்டிய நிலைமை.

மறுநாள் காலையில படகு கரையேறினதும் போய்ப் பார்த்தேன். இந்தப் படகுகள்ல கரண்டுக்கு இருக்கிறது ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி. அதையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து சார்ஜ் போட்டுத்தான் எடுத்துட்டுப் போறாங்க. அதனால முதல் சந்தேகம் பேட்டரி மேல வந்தது. மீட்டரை வச்சேன், 12.5 காட்டியது. லைட்டைப் போட்ட பிறகும் 12.4. பேட்டரி நல்லாத்தான் இருக்கு.

அடுத்து ஜிபிஎஸ் பக்கம் போய் அதுக்கு வர்ற ரெண்டு ஒயர்லயும் வச்சுப் பார்த்தேன். லைட் அணைஞ்சிருக்கும்போது 12.3. லைட்டைப் போட்டதும் 9 சொச்சம், திரை இருண்டு போச்சு. பேட்டரியில 12.4 இருக்கு, பத்தடி தள்ளி 9தான் வருதுன்னா, நடுவுல எங்கேயோ 3 வோல்ட்டை யாரோ தின்னுட்டிருக்காங்கன்னு அர்த்தம். கருவி மேல குத்தம் இல்லை.

இங்கேதான் டிராக்டருக்கும் படகுக்கும் வித்தியாசம். டிராக்டர்ல பாடி முழுக்க இரும்பு, அதுவே நெகட்டிவ். பல்புக்கு ஒரு ஒயர் போட்டால் போதும், கரண்டு திரும்பிப் போக பாடி இருக்கு. ஃபைபர்ல கரண்டு போகாது. ஒவ்வொரு சாமானுக்கும் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் வேணும். பலரும் பல்பு எரியலைன்னா பாசிட்டிவ் ஒயரை மட்டும்தான் தேடுவாங்க. படகுல பாதிக் கோளாறு திரும்பி வர்ற பாதையில இருக்கும்.

மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும், இன்னொரு முனையை ஜிபிஎஸ் நெகட்டிவ்லயும் வச்சேன். ரெண்டும் ஒரே ஒயர்தானே, கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். லைட் எரியும்போது 3 வோல்ட்டுக்கு மேல காட்டியது. சந்தேகம் தீர, நீளமான ஒயர் ஒண்ணை எடுத்து பேட்டரி நெகட்டிவ்ல இருந்து நேரா ஜிபிஎஸ்சுக்குப் பிடிச்சேன். லைட்டும் எரியுது, ஜிபிஎஸ்சும் எரியுது. தம்பி ஒண்ணும் பேசலை, திரையையே பார்த்துட்டு நின்னார்.

அப்புறம் ஒயரைக் கையால தடவிக்கிட்டே போனோம். அடிப்பலகைக்குக் கீழே, தண்ணி தேங்குற இடத்துல கறுப்பு டேப் சுத்தின ஒரு இணைப்பு. லைட், ஜிபிஎஸ் ரெண்டோட நெகட்டிவும் அங்கேதான் சேருது. டேப்பைப் பிரிச்சா உள்ளே பச்சைக் களிம்பு, நாலைஞ்சு இழைதான் மிச்சம். ஜிபிஎஸ்சுக்குக் கொஞ்சம் கரண்டு போதும், அந்த இழை தாங்கும். லைட்டு இழுக்கிற ஒண்ணரை ஆம்பியரும் சேர்ந்தா தாங்காது. வாய்க்கால்ல மண் சரிஞ்ச மாதிரிதான். ஒரு பாத்திக்குத் தண்ணி ஏறும், ரெண்டு மடையைத் திறந்தா கடைசிப் பாத்தி காயும்.

கறுத்த கம்பியை எவ்வளவு சுரண்டினாலும் பத்தாது. உப்பு ஈரம் ஒயர் உறைக்குள்ளேயே ஏறிப்போயிடும். பளபளன்னு செம்பு தெரியுற வரைக்கும் வெட்டினோம், ரெண்டு முழம் போச்சு. லைட்டுக்குத் தனி, ஜிபிஎஸ்சுக்குத் தனின்னு ஈயம் பூசின செம்பு ஒயரா நாலு இழுத்தோம். இணைப்பு எதையும் அடியில விடலை, மேல் விளிம்புக்குக் கீழே தூக்கிக் கட்டினோம். சூடு காட்டினா சுருங்கி, உள்ளே பசை உருகி ஒட்டுற குழாயைப் போட்டோம். டேப் கடலுக்கு ஆகாது, உப்புத் தண்ணியை உள்ளே விட்டுட்டு வெளியே விடாது. பேட்டரி முனையில வாசலின் தடவினோம்.

ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்துல ஒரு செம்புக் கம்பி சுத்தியிருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பகீர்னு ஆச்சு. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனா ரெண்டு ஒயரும் உரசினா, பேட்டரி இருக்கிற அத்தனை கரண்டையும் கொட்டும். ஒயர் பழுத்து எரியும். நடுக்கடல்ல டீசலுக்குப் பக்கத்துல அது எரிஞ்சா எங்கே ஓடுறது? பாசிட்டிவ்ல, பேட்டரிக்குப் பக்கத்துலயே 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டோம். ரெண்டு உபரி ஃபியூஸை பாலிதீன் பையில சுத்தி பேட்டரிப் பெட்டியில வச்சோம்.

மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்குள்ள. தம்பி காசு கொடுக்க வந்தார், வேண்டாம்னுட்டேன். நாலு நாள் கழிச்சு வீட்டுக்கு ஒரு கூடை காலா மீன் வந்தது, அதை மறுக்க வீட்டுல விடலை.

உங்க பைக் ஹெட்லைட் மங்கினாலோ, வீட்டு இன்வெர்ட்டர் மக்கர் பண்ணினாலோ இதே கணக்குதாங்க. சும்மா இருக்கும்போது மீட்டர் சரியாத்தான் காட்டும். லோடு போட்டுட்டு அளங்க. பேட்டரியில இருந்து ஒவ்வொரு இணைப்பா நகர்ந்துட்டே வாங்க. எந்த இடத்துல வோல்ட் குறையுதோ அங்கே பிரிச்சுப் பாருங்க. புதுசு வாங்கச் சொல்றவங்க பேச்சை அதுக்கப்புறம் கேட்டாப் போதும்.