சென்டர் பிடிக்கிற வேலை

பழைய பெட்ரோல் பிக்கப்பை டீசலாக்கிப் பழக வருகிற பையன்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எந்த எஞ்சின் போடலாங்ணா?" உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் எஞ்சினுக்கா பஞ்சம்? மேட்டடோரில் கழற்றியது இருக்கும், ஜீப்பில் கழற்றியது இருக்கும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு பிளேட் வருமே, அதை எப்படிச் செய்வது என்று கேட்கிற பையன் வந்தால் மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிடுவேன்.

நான் தனியாக எடுத்துச் செய்த முதல் வண்டி ஒரு மகிந்திரா எப்.சி.150. மூஞ்சி தட்டையான பிக்கப். எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் பெட்டிக்குள் இருக்கும். 1994-இல் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய் இறக்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தது 2.2 லிட்டர் ஹரிக்கேன். இன்லெட் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் என்று விநோதமான அமைப்பு. நல்ல எஞ்சின்தான். ஆனால் மலை ஏறும்போது அது குடிக்கிற பெட்ரோலுக்குக் காய் விற்ற காசு போதவில்லை. ஜீப்பில் வந்த பியூஜோ டீசல், 2112 சி.சி., ஒன்று கிடைத்தது. கியர்பாக்ஸ் பழைய மூன்று கியரே.

12 மில்லிமீட்டர் எம்.எஸ். பிளேட் வெட்டி, இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, கண்ணளவில் சென்டர் பார்த்து முறுக்கிவிட்டேன். ஸ்டார்ட் ஆனதும் பட்டறையே கை தட்டியது. மேஸ்திரி மட்டும் வண்டியில் ஏறி, நியூட்ரலில் கியர் ராடின் தலைமேல் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இறங்கி, "கண்ணு, இது அழுவுது" என்றார். எனக்குக் கோபம். இரண்டு மாதத்தில் இன்புட் ஷாப்ட் பேரிங் அரைத்துக்கொண்டு வண்டி திரும்பி வந்தது. பைலட் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவில் இருந்தது. கிளட்ச் பிளேட்டின் ஸ்பிளைன் பல்லும் போயிருந்தது. கூலி வாங்காமல் எல்லாவற்றையும் மறுபடி பிரித்தேன்.

அன்றைக்குத்தான் டயல் கேஜை என் கையில் கொடுத்தார். காந்த ஸ்டாண்டை பிளைவீலில் ஒட்டவைத்து, கியர்பாக்ஸ் வந்து உட்காருகிற வட்டத்தின் உள்சுவரில் கேஜ் முனை தொடும்படி நிறுத்தி, கிராங்கைக் கையால் சுற்ற வேண்டும். கேஜில் ஒரு கோடு என்றால் 0.01 மில்லிமீட்டர். மேலே ஒரு எண், கீழே ஒரு எண் வரும். எனக்கு நாற்பது கோடு வித்தியாசம் வந்தது. பிளேட்டை நாற்பது கோடு நகர்த்தினேன். அப்போதும் நாற்பதே, இந்த முறை எதிர்ப்பக்கம். மூன்று தடவை இப்படி. மேஸ்திரி டீ குடித்து முடித்துவிட்டு, "பாதி நகர்த்துடா சாமி" என்றார். வட்டத்தின் சென்டர் இருபது விலகினால் கேஜ் நாற்பது காட்டும். இவ்வளவு எளிய கணக்கு எனக்கு அன்று வரை தெரியாது.

ஓட்டைகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, தாமிரச் சுத்தியலால் தட்டித் தட்டி, சாயங்காலத்துக்குள் பத்துக் கோட்டுக்குள் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகுதான் டவல் பின்னுக்குத் துளை போட வேண்டும். முன்னாலேயே போட்டால் தப்பைத்தான் நிரந்தரமாக்குகிறீர்கள். போல்ட் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். இடம் மாறாமல் காப்பது பின்.

மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வண்டியே சொல்லிக் கொடுக்கும். டீசல் எஞ்சின் எடை கூடுதல். முன் பட்டையில் ஒரு லீப் சேர்க்காவிட்டால் சம்ப் ஆக்சிலில் இடிக்கும். மவுண்டிங்கை டேக் மட்டும் அடித்துவிட்டு, ஸ்பிரிங் முழுப் பாரம் தாங்கி நிற்கும்போது இடைவெளி பார்த்த பிறகே முழு வெல்டிங். டாங்கிக்கு ரிட்டர்ன் லைன் தனியாக வேண்டும். பழைய டாங்கியின் துரு முழுக்கப் போகாவிட்டால் பம்ப் போய்விடும். ஒரு ஜீப்பில் வைப்பரை மறந்தேன். அது எஞ்சின் வேக்குவத்தில் ஆடுகிற வைப்பர். டீசலில் அந்த உறிஞ்சல் கிடையாது. பர்லியார் தாண்டியதும் மழை. டிரைவர் ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இறங்கியிருக்கிறார். மறுநாள் வந்து அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஆர்.சி.யில் டீசல் என்று ஏறாமல் வண்டியை ரோட்டுக்கு விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. வேலை தொடங்குமுன்பே அனுமதி கேட்டுவிடுங்கள்.

மேஸ்திரியின் உள்ளங்கை எனக்கு வரவில்லை. முப்பது வருஷமாகியும் கேஜ் இல்லாமல் எதையும் சொல்ல மாட்டேன். அவர் கொடுத்த கேஜ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து வாங்கிப் போங்கள், இரவலாக. ஒரு வாரத்தில் திருப்பித் தந்துவிட வேண்டும்.