காசியில் விட்டது

பொங்கலுக்கு மகள் இல்லம் வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் பையில், இராமேசுவரத்தில் எடுத்த மணல் முடிச்சு இருந்தது. அடுத்த வாரம் காசி யாத்திரை. பிரயாகைத் திரிவேணியில் மணலைக் கரைத்து, கங்கை நீரோடு திரும்பி இராமநாதருக்கு அபிஷேகம் செய்விப்பதாகச் சங்கல்பம்.

“காசியில் எதை விடப்போகிறீர்கள், தாத்தா?” என்றாள் பேத்தி.

“பாகற்காயை.”

“அதை நீங்கள் தொடுவதே இல்லையே!”

எல்லோரும் சிரித்தனர், அவரால் இயலவில்லை. விருப்பமானதை விடுவதன்றோ வழக்கம்! பாகப்பிரிவினைக்குப் பின் ஒன்பது ஆண்டுகளாக அவர் விடாமல் போற்றி வந்தது, தம்பியின்மீது கொண்ட கோபத்தையே.

மறுநாள் காலை, தன் தம்பியின் நலம் வேண்டிப் பேத்தி கனுப்பிடி வைத்தாள். அதைக் கண்டவர் தொலைபேசியை எடுத்தார்.

“காசிக்குப் புறப்படுகிறேன். நீயும் வருகிறாயா?”

நெடிய மௌனத்துக்குப் பின் குரல் வந்தது: “எந்த ரயில், அண்ணா?”