விஜயதசமிக்கு நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம்

கடந்த பத்தாண்டுகளில் எங்கள் குழு எதற்கெல்லாம் வேன் பிடித்திருக்கிறது என்று ஒருநாள் கணக்குப் போட்டோம். விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க. முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் பிணக்கூறாய்வு முடியும்வரை காத்திருக்க. நீதிமன்றத்துக்குச் சாட்சிகளை அழைத்துப்போக. கொல்லப்பட்டவர்களின் நினைவுநாளுக்கு. சந்தோஷப்படுவதற்காக ஒரு தடவைகூட வேன் பிடித்ததில்லை.

திண்டிவனத்தில் நடத்தும் மாலைநேரப் படிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவன், "அக்கா, நாம எல்லாரும் சேந்து பிரேசில் கார்னிவலுக்கு ஒரு டூர் போடலாமா?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. பிரேசிலில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1888இல். விடுதலையான கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் வளர்ந்த இசைதான் சாம்பா. ஒரு காலத்தில் அதை வாசித்தவர்களைப் போலீஸ் துரத்தியது. இன்று அதே மேளம்தான் அந்த நாட்டின் பெருமை. மேளத்தைக் கொண்டாடும் நாடு அதை அடிப்பவனையும் கொண்டாடுகிறதா என்பது வேறு கேள்வி. பறையை மேடையில் ஏற்றிக் கைதட்டிவிட்டு, அடிக்கிறவன் வீடு எந்தப் பக்கம் என்று விசாரிக்கும் நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

1974இல் சால்வடோர் நகரத்தில் கறுப்பின இளைஞர்கள் 'இலே ஐயே' என்று தங்களுக்கென ஒரு கார்னிவல் குழுவைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே தெருவில் இறங்கினார்கள். உடனே அவர்கள்மேல் வந்த குற்றச்சாட்டு என்ன தெரியுமா? இனவெறியைத் தூண்டுகிறார்களாம். சேரியில் அம்பேத்கர் படம் வைத்தால் 'சாதியைத் தூண்டாதீங்க' என்று நமக்குச் சொல்வார்களே, அதேதான். 2019இல் ரியோவின் மங்கேய்ரா சாம்பா பள்ளி, பாடப்புத்தகம் மறைத்த கறுப்பின, பூர்வகுடி மனிதர்களின் கதையையும், அதற்கு முந்தைய ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்ட நகரமன்ற உறுப்பினர் மரியேல் ஃபிராங்கோவின் பெயரையும் அணிவகுப்பில் கொண்டுவந்து முதல் பரிசையும் வென்றது.

இதையெல்லாம் பேசிவிட்டுப் பணக் கணக்குக்கு வந்தோம். அது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் உழைக்கிற வீட்டுப் பிள்ளைகள். பாஸ்போர்ட் இருப்பவர் ஒருவர்கூட இல்லை. "லட்சக்கணக்குல நம்ம ஆளுங்க பயமில்லாம தெருவுல நிக்கறத ஒருதடவ பாக்கணும், அவ்ளோதான்" என்றான் அந்தத் தம்பி. அதற்கு விமானம் தேவையில்லை. நாக்பூர் போதும்.

1956 அக்டோபர் 14, அசோக விஜயதசமி நாள். அன்று நாக்பூரில் புரட்சியாளர் அம்பேத்கர் பிக்கு சந்திரமணியிடம் தீட்சை பெற்றார். பிறகு, கூடியிருந்த லட்சக்கணக்கான மக்களுக்கு 22 உறுதிமொழிகளை அவரே சொல்லித் தந்தார். இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் இயோலாவில் அறிவித்ததை 21 ஆண்டுகள் கழித்து நிறைவேற்றினார்; அடுத்த ஏழரை வாரத்தில் மறைந்தார். அந்த இடம்தான் தீட்சாபூமி. அங்கே நிற்கும் பெரிய தூபியை 2001 டிசம்பரில் திறந்துவைத்தவர் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன். ஒவ்வொரு விஜயதசமிக்கும் கிராமம் கிராமமாக மக்கள் வெள்ளையுடுத்தி நீலக்கொடியோடு வந்து சேர்கிறார்கள். அங்கே அதிகம் விற்பது புத்தகம். நம்மூர்த் திருவிழாக்களில் எனக்குத் தெரிந்து அப்படி ஒன்று இல்லை.

'அது மராட்டியர்கள் விழா, நமக்கென்ன?' என்று ஒரு தோழர் கேட்டார். பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கியது 1898இல். அம்பேத்கருக்கு அப்போது ஏழு வயது. நாம் விருந்தாளியாகப் போகவில்லை.

இன்னொரு எதிர்ப்பு கொஞ்சம் கனமானது. மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போனதற்காக 2023 ஏப்ரலில் நம் இளைஞர்களை அடித்தார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல்வரை, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு, காத்திருக்க வேண்டியிருந்தது. 'இங்கே இவ்வளவு வேலை கிடக்க, சுற்றுலாவா?' என்றார்கள். கோயில் நுழைவு உரிமைப் போராட்டம், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பத்தொன்பது வயதில் ஒருவர் தன் மக்களை அடிபட்டவர்களாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால், இருபத்தைந்தில் சோர்ந்துபோய் ஒதுங்கிவிடுவார். அப்படி ஒதுங்கியவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும்.

பெண்பிள்ளைகளை அனுப்ப வீட்டில் சம்மதம் வாங்குவது பெரும்பாடாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு மாணவியின் அம்மா, "நானும் வர்லாமா? நூறுநாள் வேல காசு கொஞ்சம் வச்சிருக்கேன்" என்றார். அப்படியே நான்கு அம்மாக்கள் பட்டியலில் ஏறிவிட்டார்கள்.

உண்மையான சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. எங்களோடு வரும் இரண்டு தம்பிகள் பறை அடிப்பவர்கள். விஜயதசமி அன்று ஊர்க்கோயில் சாமி அம்பு போடப் புறப்படும்போது காலனியிலிருந்து போய் மேளம் அடிப்பது அவர்கள் குடும்பத்துக்கு விதித்த வேலை. கூலி என்று தருவது ஒரு வேட்டியும் கொஞ்சம் நெல்லும். அவர்கள் அன்று நாக்பூரில் இருந்தால் யார் அடிப்பது? ஊர்த்தெருவிலிருந்து ஒருவர் வந்து, "பசங்க டூர் போறாங்களாமே, மோளத்துக்கு என்ன வழி?" என்று தம்பிகளின் அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். மிரட்டவில்லை, கேட்டார், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் நிலத்தில்தான் இவர் வேலை செய்கிறார்.

அந்த அப்பாவிடம் இரண்டு முறை பேசினேன். சமூகப் புறக்கணிப்பு செய்வோம் என்று மிரட்டினாலே, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சட்டம் இருக்கும்மா. வேல குடுக்காம இருக்கறதுக்குக் காரணமா சொல்லப் போறாங்க?" என்றார். முதுகலை சமூகவியலில் இதற்கு நான் படித்த பதில் எதுவும் உதவவில்லை. தம்பிகளை வற்புறுத்தக் கூடாது என்று குழுவில் முடிவெடுத்தோம். வேலை போனால் அந்தக் குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கான அரிசிக்கும் செலவுக்கும் பொறுப்பு நம்முடையது என்பதும் முடிவானது. பயணச் செலவைவிட அதற்கான வசூலைத்தான் இப்போது முதலில் நடத்துகிறோம்.

மற்றபடி வேலைகள் நடக்கின்றன. ஆளுக்கு வாரம் ஐம்பது ரூபாய், பொருளாளர் ஒரு மாணவி. கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் விழுப்புரத்தில் நின்று நாக்பூர் வழியாகப் போகிறது, ஆனால் வாரம் இருமுறைதான். தேதி ஒத்துவராவிட்டால் சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. ஆயுதபூஜைக் கூட்டத்தோடு போட்டி போட வேண்டும். காலை எட்டு மணிக்கு நான்கு பேர் நான்கு இடத்தில் தயாராக இருப்பார்கள். போர்வை, தட்டு, டம்ளர், ஆதார் அட்டை அவரவர் பொறுப்பு. திரும்பும்போது புத்தகத்துக்குப் பையில் இடம் விடுங்கள்.

பட்டியலில் 23 பேர் இருக்கிறோம். அந்தத் தம்பிகளில் மூத்தவன் நேற்று வந்து ஒன்று கேட்டான்: "அக்கா, ரயில்ல பறைய எடுத்துட்டுப் போக தனியா டிக்கெட் வாங்கணுமா?" வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவன் அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.