ஆறில்லாத ஊருக்கு ஒரு சிறு விமானப் பயணம்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது தேவதானம். மலையில் மழை இறங்கினால் சாஸ்தா கோவில் பக்கம் தண்ணீர் வரும். அணை பெருகும், கண்மாய் நிறையும், நெல் நடவு தொடங்கும். தென்னையும் மாவும் அந்தத் தண்ணீரை நம்பித்தான். அங்கே மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பம், இலங்கையின் வடகோடியான யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்தது. கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் என மூன்று பேர். மூவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம்.

போனது உறவைப் பார்க்க. அந்த வீட்டுப் பெரியவரின் பெற்றோர் இலங்கையில் தேயிலைத் தோட்ட வேலை செய்தவர்கள். 1964-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்று ஊர் திரும்பினார்கள். கல்யாணமாகியிருந்த மூத்த மகள் மட்டும் கணவர் வீட்டாரோடு அங்கேயே தங்கிவிட்டார். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வடக்கே வன்னிக்குப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அந்த அக்கா இப்போது இல்லை. அவர் மகள் யாழ்ப்பாணத்தில் புத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, கணவரோடு வெங்காயமும் மிளகாயும் போடுகிறார். தாய்மாமனும் அக்காள் மகளும் அதுவரை போனில் பேசியதோடு சரி.

காற்றாடி வைத்த விமானம்

யாழ்ப்பாணத்துக்குப் பறப்பது பெரிய ஜெட் அல்ல, ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய காற்றாடிகள். எழுபத்தைந்து பேர் அளவில்தான் உட்காரலாம். ஏறுவது வால் பக்கத்துச் சிறு படி வழியாக. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே உள்ள நிலம் மறைக்காமல் தெரியும். சத்தம் கொஞ்சம் கூடுதல். மனைவி கண்ணை மூடிக்கொண்டார். மகள் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. காவிரிக்கரை வயல்கள் கட்டம் கட்டமாகப் போய், கடல் வந்தது. கடல் முடிந்து பனைமரங்கள் வந்தன. திருச்சியிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஊரிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் வந்ததே அதைவிட அதிக நேரம்.

இந்த வான்வழி புதிதல்ல. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு வந்தது. அதுவும் இரட்டைக் காற்றாடி டக்கோட்டாதான். போர் வந்து எல்லாம் நின்றது. 2019 அக்டோபரில் பலாலி விமான நிலையம் மறுபடி திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னை விமானம் தொடங்கியது. கொரோனாவால் நின்று 2022 டிசம்பரில் மீண்டும் ஓடியது. 2025-ல் திருச்சியிலிருந்தும் விமானம் வந்தது.

பலாலியில் இறங்கியதும் பெரியவர் முதலில் பார்த்தது மண்ணை. செக்கச் சிவந்த மண். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷார் இங்கே விமானத்தளம் அமைத்தார்கள். 1990-ல் சண்டை மூண்டபோது இந்த வலிகாமம் வடக்குப் பகுதி விவசாயிகள் வீடு, தோட்டம், கிணறு எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார்கள். நிலம் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது. 2009-ல் போர் முடிந்த பிறகு பகுதி பகுதியாகத் திருப்பித் தரப்படுகிறது. இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. திரும்பி வந்தவர்கள் முதலில் தேடியது தங்கள் கிணற்றை. ஏன் கிணறு என்பது மறுநாள் விளங்கியது.

கடல்மேல் மிதக்கும் தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. வருடம் முழுதும் ஓடுகிற ஆறும் இல்லை. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு. அது மழைக்கால ஓடைதான். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழையே மொத்த வரவு. அந்த மழை சுண்ணாம்புக்கல் பாறையின் வெடிப்புகளில் இறங்கித் தங்குகிறது. அதற்கும் கீழே கடல் நீர். நல்ல தண்ணீர் லேசானது என்பதால் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு உப்பு ஏறாமல் நிற்கும் என்பது கணக்கு. அதே கணக்கில், மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உப்பு பல அடி ஏறிவிடும்.

புத்தூரில் உள்ள நிலாவரைக் கிணற்றை உறவினர்கள் காட்டினார்கள். வற்றாத கிணறு, ராமர் அம்பு விட்டு உண்டாக்கியது என்பது ஊர்க்கதை. அதிலும் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கீரிமலையில் கடலை ஒட்டியே நல்ல தண்ணீர்க் கேணி இருக்கிறது. நிலத்தடி நீர் கடலுக்குப் போகும் வழி அது.

அந்த வீட்டுத் தோட்டம் பன்னிரண்டு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்றால், நம் கணக்கில் முக்கால் ஏக்கர். அதற்குள்ளேயே சின்ன வெங்காயம், மிளகாய், கத்தரி, ஓரத்தில் வாழை. நெல் மழையை நம்பி ஒரே போகம். அது தாழ்வான வேறு நிலத்தில். வேலியில் கிளுவையும் பூவரசும். அந்தக் குழையை வெட்டி மண்ணில் புதைப்பார்கள். பனையோலையையும் தாழ்ப்பார்கள். முன்பு துலா மிதித்து இறைத்தார்கள். தேவதானத்தில் ஏற்றம் என்பார்களே, அதுதான். இப்போது மோட்டார்.

காலையில் மோட்டார் ஓடியது. பாத்தி முழுதும் நனையும் முன்பே அக்காள் மகளின் கணவர் அதை நிறுத்தினார்.

"இன்னும் ரெண்டு பாத்தி பாக்கி இருக்கே, மாப்பிள்ளை?" என்றார் பெரியவர்.

"காணும் மாமா. இனி இறைச்சால் உவர் ஏறிடும். மிச்சத்துக்குப் பின்னேரம் விடுவம்" என்றார் அவர்.

'போதும்' என்பதற்கு அங்கே 'காணும்'. கிணறு ஊறும் வரை காத்திருப்பது அங்கே பொறுமை அல்ல, கட்டாயம். ஒருமுறை உப்பு ஏறிவிட்டால் அடுத்த மாரி வரை பயிருக்கு அந்தக் கிணறு உதவாது. அப்படிக் கைவிடப்பட்ட கிணறுகள் கரையோர ஊர்களில் இருக்கின்றன. உரத்தை அள்ளிப் போட்டதால் பல கிணறுகளில் நைட்ரேட் கூடிவிட்டதாக ஆய்வுகளும் சொல்கின்றன. போட்ட உரம் சுண்ணாம்புப் பாறை வழியாக நேரே குடிதண்ணீருக்குள் போகிறது.

தேவதானத்தில் தண்ணீர் குறைந்தால் போர்வெல்லை இன்னும் நூறு அடி இறக்குவது வழக்கம். கீழே கடல் இல்லாததால் தண்ணீர் உவர்த்துப் போய் எச்சரிப்பதில்லை. ஒருநாள் குழாயில் காற்று மட்டும் வரும். "எங்க கண்மாய் பெருகுறதைப் பார்த்தே பழகிட்டோம். இவங்க கிணற்றுக்குள்ள எட்டிப் பார்த்துப் பழகியிருக்காங்க" என்று பெரியவர் மனைவியிடம் சொன்னார்.

பார்த்த இடங்கள்

நல்லூர் கந்தசாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். ஆவணியையொட்டி வரும் திருவிழா 25 நாள். 1981-ல் எரிக்கப்பட்டு மறுபடி கட்டப்பட்ட பொது நூலகத்தில் மகள் வெகுநேரம் நின்றார். குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்குப் போனார்கள். பவளக்கல் அடுக்கிய வேலிகள், தானாகத் திரியும் குதிரைகள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரம் எல்லாம் அங்கே உண்டு. யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது, பேச்சில் 'தின்னவேலி'. அதன் காய்கறிச் சந்தையில் பெரியவர் வெங்காய விலையை நம் ரூபாய்க்கு மாற்றிக் கணக்குப் பார்த்தார்.

சாப்பாட்டில் ஒடியல் கூழ், புட்டு, கறுத்தக்கொழும்பான் மாம்பழம். ராஜபாளையம் சப்பட்டையா, கறுத்தக்கொழும்பானா என்று இரண்டு வீட்டுக்கும் வழக்கு நடந்தது, தீர்ப்பு வரவில்லை. அங்கே தாய்மாமன் மனைவியை 'மாமி' என்கிறார்கள். அக்காள் மகள் மட்டும், அம்மா சொல்லிக்கொடுத்தபடி, 'அத்தை' என்றே கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லுக்குத் தேவதானத்து அம்மா அழுதுவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு

* பாஸ்போர்ட் கட்டாயம். இலங்கைக்கான பயண அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும்.
* விமான நாட்களும் கட்டணமும் மாறும். கேட்டு உறுதி செய்த பிறகே விடுப்பும் ஆளும் ஏற்பாடு செய்யவும்.
* நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு, 2023-ல் தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்துவார்கள்.
* மாங்கன்று, விதை, வெங்காயம் எதையும் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. நோயும் பூச்சியும் கூடவே வரும் என்பதால், அனுமதிச் சான்று இல்லாமல் விமான நிலையத்தில் பறிமுதல் செய்வார்கள்.
* தோட்டம் பார்க்க மாசி, பங்குனி நல்ல காலம். மழை நீர் கிணற்றில் இருக்கும். பயிரும் வயலில் நிற்கும்.