கலத்துக்குள் ஒரு விளக்கு

உடம்புக்குள் உலோகம் என்றால் எங்களில் பலருக்கு ஷெல் துண்டுதான் நினைவுக்கு வரும். என் இடது தோளிலும் 2009ஆம் ஆண்டிலிருந்து ஒன்று இருக்கிறது. ஆகவே, உயிருள்ள கலங்களுக்குள் உலோகத்தை அனுப்பி அவற்றின் சுகத்தை அறிகிறார்கள் என்று வாசித்தபோது என் மனம் ஒப்பவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதால் வாசிக்காமல் விடவும் முடியவில்லை.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கட்டியில் சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். அந்தக் கலங்கள் இறந்தவை. வடிவம் தெரியும், உயிரோடு இருந்தபோது எவ்வளவு ஒட்சிசனைச் செலவழித்தன, குளுக்கோசை என்ன செய்தன என்பது தெரியாது. கலத்துக்குள் ஓயாமல் நடக்கும் இந்த வேலையைத்தான் அனுசேபம் என்கிறோம். புற்றுநோய்க் கலங்கள் ஒட்சிசன் இருக்கும்போதும் குளுக்கோசை அள்ளி விழுங்கி இலற்றிக்கமிலமாக்குவதை ஒட்டோ வார்பேர்க் 1920களிலேயே கண்டார்.

ருத்தேனியம் என்ற உலோகத்தைச் சுற்றிக் காபன் சேர்வைகளால் கூடுபோலக் கட்டி, நீல ஒளியைப் பாய்ச்சினால் அது செம்மஞ்சளாக ஒளிரும். ஒட்சிசன் மூலக்கூறு வந்து மோதினால் மங்கிவிடும். அதனால் ஒட்சிசன் வற்றிய இடம்தான் பிரகாசமாகத் தெரியும். புற்றுநோய்க் கட்டிகளுக்குள் அப்படியான இடங்கள் உண்டு. கதிர்ச்சிகிச்சை அங்கே அவ்வளவாகப் பலிக்காது. அக்காவின் கட்டி ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் அப்படியே நின்றது. இதுதான் காரணமோ என்று இப்போதும் யோசிப்பேன்.

யூரோப்பியம் இன்னொரு உலோகம். கலத்துக்கு ஒளி பாய்ச்சும்போது கலமும் தன்பாட்டில் மங்கலாக ஒளிர்ந்து பார்வையைக் குழப்பும். ஆனால் அந்த ஒளி சில நனோ செக்கன்களில் அணைந்துவிடும். யூரோப்பியத்தின் சிவப்பு ஒளியோ ஒரு மில்லி செக்கன் அளவுக்கு நிற்கும். கோயிலில் சின்ன மணிகள் ஓய்ந்த பிறகும் காண்டாமணியின் ரீங்காரம் கேட்குமே, அப்படி. கருவி சற்றுப் பொறுத்துப் பார்த்தால் யூரோப்பியம் மட்டும் தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பொறுத்துப் பார்க்கும் யுக்திதான்.

அளவு கூடினால் இந்த உலோகச் சேர்வைகள் கலத்தையே நஞ்சாக்கிவிடும். ஒளியும் தசைக்குள் ஆழமாகப் போகாது. ஆகவே இந்த வேலை பெரும்பாலும் ஆய்வுகூடக் கலங்களிலும் எலிகளிலுமே நடக்கிறது. இன்றைக்கு எங்களுக்கு இருப்பது எங்கள் கைதான். கட்டி ஒன்று தட்டுப்பட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சுகவனிதையர் கிளினிக்கில் பார்ப்பார்கள், காசு இல்லை. அக்கா எட்டு மாதம் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தா.